கூழும் கீல்வாதமும்

யாழ்ப்பாணத்து உணவுகளுள் ஒடியற்கூழுக்குத் தனி மதிப்பு உண்டு. நண்டு, இறால், கணவாய், மீன் என்பவற்றோடு பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்து, ஒடியல் மாவிலே கொதித்து இறங்கும் அக்கூழைப் பலாவிலையிலே பருகியவர் அதன் சுவையை மறவார். அவ்விருந்தையும், கால் பெருவிரலிலே நள்ளிரவில் மூளும் நெருப்பொத்த வலியையும் இணைத்து எங்கள் கொடிகாமத்தவர் பேசுவதை நான் பலகாற் கேட்டதுண்டு. அப்பேச்சிலே உண்மையும் உண்டு. தீங்கு விளைக்கும் பிழையும் உண்டு.

'கவுட்' எனப்படும் இக்கீல்வாதம் மிகப் பழையது. சரக சங்கிதையிலே கூறப்படும் 'வாதரக்தம்' இதனையொத்தது. செல்வரைப் பற்றும் நோயாதலின் 'ஆட்யவாதம்' என்றும் அது பெயர் பெற்றது. 1776இல் ஷீலே என்னும் இரசாயன அறிஞர் சிறுநீரகக் கல்லிலே யூரிக் அமிலத்தைக் கண்டார். 1848இல் காரட் என்னும் ஆங்கில மருத்துவர், இந்நோயாளரின் குருதியிலே அது மிகுந்திருத்தலை நிறுவினார்.

பியூரின் என்னும் பொருள் உடலிலே சிதைவதால் யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் அதனை மேலும் சிதைக்கும் நொதியம் உண்டு, மனிதனிடம் இல்லை. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைக் கடந்தால், அவ்வமிலம் ஊசி போன்ற பளிங்குகளாய் மூட்டிலே படியக்கூடும்.

ஈரல், நெத்தலி, சூடை, இறால் ஆகியன பியூரின் மிக்கவை. கள்ளும் சாராயமும் யூரிக் அமிலம் சிறுநீரோடு கழிவதைத் தடுக்கின்றன. சீனி கரைத்த குளிர்பானங்களும் அதனைப் பெருக்குகின்றன. நீரும் அருந்தாது நெடிது பட்டினி கிடப்பதும் நன்றன்று. ஆயின் பருப்பையும் கீரையையும் விலக்குவது வீண் அச்சமே. 47,000க்கு மேற்பட்ட ஆடவரை 12 ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இறைச்சியும் கடலுணவும் நோயைப் பெருக்குவதையும், பியூரின் மிக்க தாவர உணவுகள் அவ்வாறு செய்யாமையையும் காட்டிற்று. பாலுணவு நோயைக் குறைப்பதாகவும் அது கண்டது.

எனினும் உடலிலுள்ள பியூரினிற் பெரும்பகுதி உணவால் வருவதன்று, உடலே ஆக்குவது. பரம்பரையும் சிறுநீரகத்தின் வலியும் பெரிதும் காரணமாகும். ஆதலால் உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் குறைவது பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவே. 6க்குக் கீழே இறக்கப் பலருக்கு மருந்து வேண்டும். அலோபியூரினோல் என்னும் மருந்தை ஆக்கிய எலியன் அம்மையாரும் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் அடங்குவர்.

நான் அறிந்த முதிய தமிழாசிரியர் ஒருவர், வலி தணிந்தவுடன் மாத்திரையை நிறுத்திப் பருப்பையும் துறந்தார். ஆண்டுகள் செல்ல, விரல்மூட்டுகளிலே கட்டிகள் திரண்டன. எழுதுகோல் பிடித்த கை எழுத்தை இழந்தது. "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று ஊரார் பழித்தனர். அவரோ கட்டியது போதாதென்றே எண்ணி நாணினார். நோய் வலியிலும் கொடிது அந்த நாணம். வாயைக் கட்டுவது நன்று. குருதியைச் சோதித்து மருத்துவர் சொற்படி மருந்தைத் தொடர்வது அதனினும் நன்று.