பலகைக்குள் இருக்கும் தண்ணீர்

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். சித்திரை வெயிலில் அதே கதவு, தாழ்ப்பாள் போட்ட பிறகும் லொடலொடவென்று ஆடும். செய்த ஆசாரியைப் பல வருடம் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் மேல் தப்பில்லை. பலகைக்குள் தண்ணீர் ஏறி இறங்குவதை நாங்கள்தான் அறியவில்லை. அந்தத் தண்ணீரைப் புரிந்துகொள்வதுதான் தச்சுப் படிப்பின் பாதி.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. பச்சை மரத்தில் குழாய்களின் உள்ளேயும் தண்ணீர் நிற்கும், அவற்றின் சுவர்களிலும் ஊறியிருக்கும். மரத்தை அறுத்து ஆறப்போட்டால் முதலில் குழாய்க்குள் இருப்பது வெளியேறும். அதுவரை மரத்தின் அளவு மாறாது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கும்.

ஈரத்தை அளப்பது எளிது. ஒரு துண்டை எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். 120 கிராம் துண்டு 100 கிராமாக நின்றால் ஈரம் 20 சதவீதம். உலர்ந்த எடையை வைத்துக் கணக்கிடுவதால், சில பச்சை மரங்களின் ஈரம் 100 சதவீதத்தையும் தாண்டும்.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. முழுக்க உலரும் தேக்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் 5.8 சதவீதமும் நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இராது. வளையத்தின் போக்கில் அறுத்த ஒரு அடி அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் கூடினால், அகலம் 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடும். அப்படி மூன்று பலகை சேர்ந்த கதவு மழைக்காலத்தில் இறுகாமல் என்ன செய்யும்?

இதற்குத் தச்சர்கள் கண்ட வழி அழகானது. நாலு பக்கமும் சட்டம் கட்டி, அதன் உள்விளிம்பில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையைப் பசை போடாமல் அதில் செருகிவிடுவார்கள். பலகை விரியவும் சுருங்கவும் பள்ளத்துக்குள் இடம் இருக்கும்; கதவின் அகலம் அதிகம் மாறாது. பசை போட்டு இறுக்கினால் ஒரு கோடையில் பலகை வெடித்துவிடும்.

இந்தக் காரண அறிவைக் கைப்பழக்கத்தோடு சேர்த்துத் தருகிறது ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தின் தச்சர் பிரிவு. இந்தப் பிரிவு அடங்கும் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. தச்சர் படிப்பு ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அப்பாவின் பட்டறையில் பிறந்த பிள்ளைக்கே வாய்த்த தொழில், இன்று உளியைத் தொட்டறியாத வீட்டுப் பெண்ணுக்கும் பையனுக்கும் கிடைக்கிறது. இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

பயிற்சி கைக்கருவியில் தொடங்குகிறது. ரம்பத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சற்றே வளைந்திருக்கும். அதனால் வெட்டு, தகட்டின் கனத்தைவிட அகலமாக விழுந்து, ரம்பம் சிக்காமல் ஓடும். நீளவாக்கில் அறுக்கும் பல் உளிபோலச் செதுக்கும். குறுக்கே அறுக்கும் பல் கத்திபோல நாரை நறுக்கும். இழைப்புளியை ரேகையின் போக்கில் தள்ளினால் சுருள் சுருளாகச் சீவல் வரும். எதிரே தள்ளினால் நார் பெயர்ந்து பலகை சொரசொரப்பாகும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைப் பலகையின் பக்கவாட்டு ரேகை சொல்லும்.

பிறகு இணைப்புகள். ஒரு கட்டையின் முனையை நாக்குப்போலச் சீவி, இன்னொன்றில் எடுத்த துளைக்குள் இறக்குவது அடிப்படை. நாக்கின் கனம் பெரும்பாலும் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதைத் தடிப்பாக்கினால் துளையின் இரு சுவரும் மெலியும். மெலிதாக்கினால் நாக்கு முறியும். அடுத்து இழுப்பறைகளுக்கான புறாவால் இணைப்பு. விசிறிபோல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால், எத்தனை முறை இழுத்தாலும் முகப்பு கழன்று வராது.

இயந்திரங்கள் அடுத்துதான் வரும். அவற்றோடு பாதுகாப்பும் வர வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. பட்டறையில் முகக்கவசம் போடாமல் நிற்பவரைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. தூளை உறிஞ்சும் குழாயும் கவசமும் உளியைப்போலவே தொழிற்கருவிகள்தாம்.

தேர்ச்சிக்குப் பின், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி நிறுவனங்களில் உதவித்தொகையோடு பழகுநராகச் சேரலாம். திறமைக்கு உலக மேடையும் உண்டு. வேர்ல்டுஸ்கில்ஸ் போட்டியில் கட்டடத் தச்சு, கதவு சன்னல் இணைப்பு வேலை, அலமாரி வேலை ஆகியவை தனித்தனிப் பிரிவுகள்.

எங்கள் கதவைச் சீர்செய்ய வந்த இளைஞர் ஐ.டி.ஐ.யில் படித்தவர். ஐப்பசியில் கூப்பிட்டோம், இழைக்க மறுத்துவிட்டார். “இப்ப இழைச்சா கோடையில இன்னும் ஆடும்ங்க, காயட்டும்” என்றார். தையில் வந்து ஓரத்தை அளவாகச் சீவினார். பிறகு கதவைக் கழற்றிப் படுக்க வைத்து, இதுவரை யாரும் பெயிண்ட் அடிக்காத மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இரண்டு பூச்சு கொடுத்தார். குழாய்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. ஈரம் வேகமாக ஏறும் வழி அதுதான். அடுத்த ஐப்பசியில் கதவு ஒரு கைக்குத் திறந்தது.