செங்கல்லும் கருவாடும்: பழைய கல்லில் உப்பு எப்படி இயங்குகிறது?

மரக்காணம் பக்கத்துப் பெருமுக்கல்லில் ஒரு மாட்டுக்கொட்டகையை நீங்களே அறையாக மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடித்த வீட்டுச் செங்கல் மலிவாகக் கிடைக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் என்றால் யோகம்தான். தட்டினாலே காரை உதிர்ந்து கல் முழுசாக வரும். சிமெண்டில் கட்டியது என்றால் காரை விடாது, கல்தான் உடையும். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும் என்பதும் கொத்தனார் சொல்லித் தெரிந்ததே. ஆனால் மரக்காணத்து உப்பளக் காற்று எட்டும் ஊரில் கணீரென்ற கல்லும் ஏமாற்றும். உள்ளே இருக்கும் உப்பு தட்டினால் தெரியாது. அதன் போக்கைப் புரிந்துகொள்ள, வீட்டில் இருக்கும் கருவாட்டைப் பார்த்தால் போதும்.

ஏன் பூக்கிறது?
வெயில் நாளில் கருவாட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மழை நாளில் அதே கருவாடு கசியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையும். குறைந்தால் மறுபடி கட்டியாகும். செங்கல்லிலும் இதுவே நடக்கிறது. இரவில் கரைந்த உப்பு, பகலில் கல்லின் நுண்துளைக்குள் படிகமாகி நெருக்கும். இப்படியே மாறி மாறி நடந்தால் கல்லின் முகம் மாவாக உதிரும். கொட்டகைச் சுவர்க் கல்லில் கூடுதல் வில்லங்கம் உண்டு: மாட்டு மூத்திரத்திலிருந்து உருவாகும் நைட்ரேட் உப்பும் அதில் ஊறியிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?
தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு மழைநீர் ஊற்றி, கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நீர் வற்றியதும் இன்னொரு முறை ஊற்றிக் காயவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3495 சோதனையும் ஏறக்குறைய இதுதான். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவார்கள். பத்தில் ஒரு பங்குப் பரப்புக்குள் மெல்லிய பூப்பு என்றால் கவலையில்லை. பாதிக்கு மேல் வெளுத்தால் அந்தக் கல் சுவருக்கு வேண்டாம். வெளியே நடைபாதைக்கு ஆகும்.

எப்படி எடுப்பது?
கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுகிறோம் அல்லவா? கல்லுக்கும் அதே வைத்தியம். முதலில் வெள்ளையை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். நனைத்துத் தேய்த்தால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போய்விடும். பிறகு தொட்டியில் முழுக்க மூழ்கவிட வேண்டும். கல்லில் உள்ள உப்பு, உப்பு குறைந்த நீருக்கு நகரும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். அதனால்தான் தண்ணீரை மாற்றுவது. ஹோஸில் பீய்ச்சினால் மேல்தோல்தான் கழுவப்படும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பை எடுக்கவில்லை, சேர்க்கிறோம்.

கட்டும்போது
அலசிய கல்லிலும் மிச்ச உப்பு இருக்கும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளே அடைக்கும். ஒருநாள் பூச்சே பெயர்ந்து விழும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். பொரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசிக்கொள்ளலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பழைய கல்லை உடைத்த ஜல்லி வேண்டாம். உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடப் பருத்து கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பிக் கான்கிரீட்டுக்கான கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்வதும் இதனால்தான்.

ஆகவே லோடு பேசுமுன் நாலைந்து கல்லை மட்டும் கேட்டு வாங்கி வந்து தட்டில் நிறுத்துங்கள். மிச்சத்துக்கு விலை பேசுவது அது காய்ந்த பிறகு.