"பெயரை மாற்று" என்றார் அப்பா, மாற்றவில்லை மகள்!

காஞ்சீபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்ய ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோர்க்க மூன்று நாடா ஓட வேண்டும். அப்பா தறியில் உட்கார்ந்தால், மூன்றாவது நாடாவைப் போடப் பக்கத்தில் ஒரு பையன் வேண்டும். ஒரு காலத்தில் பல வீடுகளில் அந்தப் பையன் பெற்ற பிள்ளைதான்.

இன்று பிள்ளைகள் ஒரகடம் கம்பெனி பஸ்சில் ஏறிவிட்டார்கள். "எனக்கப்புறம் இந்தத் தறி யாருக்கு?" என்பது பிள்ளையார்பாளையத்து அப்பாக்களின் ஏக்கம்.

இங்கே பிள்ளை விட்டுப் போனான். அப்பா விட்டுப் போன கதை ஒன்று லண்டனில் உண்டு. கதாநாயகி ஒரு தமிழ்ப் பெண்!

மாமா வந்தார்!

அவர் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் மாயா. பாட்டு உலகில் எம்.ஐ.ஏ. போரில் காணாமல் போனவர்களை ஆங்கிலத்தில் இந்த மூன்று எழுத்தால்தான் குறிப்பார்கள்.

1975-ல் லண்டனில் பிறந்தார். அதே ஆண்டு அதே ஊரில் தொடங்கிய 'ஈரோஸ்' என்ற ஈழப் போராளி இயக்கத்தை அமைத்தவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். இயக்கத்தில் அவருக்குப் பெயர் அருளர். எழுத்தாளரும்கூட. 1977 கலவரத்தில் வீடிழந்து கப்பலேறிய தமிழர்களைப் பற்றி 'லங்கா ராணி' என்ற நாவல் எழுதியவர்.

மாயா ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. அப்பா எப்போதாவது வருவார். வந்தாலும் "மாமா வந்திருக்கார்" என்றே பிள்ளைகளிடம் சொல்வார்களாம். அப்பா என்று தெரிந்து, வெளியே வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஆபத்து அல்லவா!

சென்னையிலும் சிறிது காலம் கஷ்ட ஜீவனம். 1986-ல் தாய் கலா மூன்று பிள்ளைகளுடன் லண்டனுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். தையல் வேலை செய்து வளர்த்தார். அப்பா கூட வரவில்லை.

'பங்க்' என்றால் என்ன?

1976 வாக்கில் லண்டனில் வேலையில்லாத இளைஞர்கள் கிழிந்த சட்டையோடு மேடை ஏறிக் கத்திப் பாடினார்கள். சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. கோபம் இருந்தால் போதும்! அதுதான் 'பங்க்' பாட்டு.

மாயாவும் சங்கீதம் படித்தவர் அல்ல. படித்தது சினிமா, ஓவியம். அந்த வழியில் வந்த 'எலாஸ்டிகா' என்ற குழுவின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் போட்டுக் கொடுத்தவர். பிறகு தாளம் போடும் மெஷின் ஒன்று கையில் கிடைக்க, தானே பாட்டுக் கட்டினார்.

2005-ல் முதல் ஆல்பம் வந்தது. அதன் பெயர் 'அருளர்'! எங்கோ இருக்கும் அப்பா தன் பெயரைப் பார்த்தாவது மகளைத் தேடி வருவார் என்ற நப்பாசை.

அப்பாவிடமிருந்து தகவல் வந்தது. மகளை நினைத்துப் பெருமையாம். ஆனால் "ஆல்பத்தின் பெயரை மாற்று" என்றும் எழுதியிருந்தார். மகள் மாற்றவில்லை.

அடுத்தது அம்மா!

2007-ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு 'கலா' என்று அம்மா பெயரை வைத்தார். அதற்காகச் சென்னை வந்து உறுமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். 'தளபதி' (1991) படத்தில் ரஜினியும் மம்முட்டியும் ஆடிய இளையராஜா பாட்டும் அதில் ஒலிக்கிறது. தாயைப் பிரிந்த பிள்ளையின் கதை அந்தப் படம்!

அதே ஆல்பத்தில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டும் இருக்கிறது. 'தி கிளாஷ்' என்ற பங்க் குழு 1982-ல் பாடிய ஒரு பாட்டின் கிடார் இசையை எடுத்துக் கட்டியது. வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து, அப்பாவைத் தேடித் தவித்த பிள்ளைகளும் அந்தப் பழைய பாட்டில் வருகிறார்கள். மாயாவின் பாட்டு 2008-ல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் 4-வது இடம் பிடித்தது. 2009-ல் ஏ.ஆர்.ரகுமானோடு ஆஸ்கார் பரிசுக்கும் அவர் பெயர் போனது.

2019-ல் அருளர் காலமானார். மாயாவுக்கு 2025-ல் வயது 50.

இயக்கத்தை அறியாத வெளிநாட்டு இளைஞர்கள்கூட 'அருளர்' என்ற பெயரைச் சொல்கிறார்கள். கூட இருந்து வளர்க்காத மகளின் பாட்டுதான் அந்தப் பெயரை அவர்களிடம் கொண்டு போய்ச் சேர்த்தது. மாற்றச் சொன்னபடி மாற்றியிருந்தால்?

காஞ்சி அப்பாக்கள் கேட்கும் கேள்விக்கும் இதில் பதில் உண்டு. பிள்ளை தறியை விட்டுப் போகலாம். பெயரை விட்டுப் போவதில்லை.

சென்னையில் வேலை முடித்து ராத்திரி ரயிலில் ஊர் திரும்பும் அப்பாக்களே! பிள்ளை தூங்குவதற்குள் வீடு போய்ச் சேரப் பாருங்கள். அப்பா, மாமா ஆகிவிடக்கூடாது!