பயணக் கார்டு யாரிடம் பேசும்?



சென்ற கூட்டத்தில், சென்னையில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் தன் மெட்ரோ ரயில் கார்டைக் காட்டினார். “தட்டினா கதவு திறக்குது, சில்லறைத் தொல்லை இல்ல” என்றார். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: “நீ எங்க போனேன்னு அது ஞாபகம் வெச்சுக்குமா?” எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் சீட்டு தருவார், பெயர் கேட்கமாட்டார். அந்தச் சீட்டைப் பார்த்து ஏறியது யார் என்று எவராலும் சொல்ல முடியாது. கார்டு அப்படியல்ல. ஒவ்வொரு கார்டுக்கும் தனி எண் உண்டு. எந்த நிலையத்தில், எத்தனை மணிக்குத் தட்டினோம் என்பது அந்த எண்ணோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் பதிவாகும். கட்டணம் கணக்குப் பார்க்க இது வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணோடு நம் பெயரும் போன் நம்பரும் சேர்ந்துவிட்டால், அது நம்முடைய நடமாட்டக் கணக்காகிவிடும். அதை யார் திறந்து பார்க்கலாம் என்பதுதான் விஷயம்.

நியூயார்க் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே பேங்க் கார்டையே தட்டி ரயிலில் போகலாம். அந்தக் கார்டின் எண்ணையும் காலாவதி மாதத்தையும் இணையதளத்தில் போட்டால் போதும், கடைசி 7 நாட்களில் எந்த நிலையத்தில் எப்போது ஏறினார் என்று வந்துவிடும். பாஸ்வேர்டு கிடையாது. 2023 ஆகஸ்டில் பத்திரிகையாளர் ஒருவர் இதை வெளியே கொண்டுவந்த பிறகே அந்த வசதியை எடுத்தார்கள்.

திருடனுக்கு ஒருவர் எந்த ரயிலில் போனார் என்பதில் என்ன அக்கறை? அக்கறைப்படுபவர் வீட்டுக்குள் இருப்பவர்தான். கார்டு எண் அவருக்குத் தெரியும். அடி பொறுக்க முடியாமல் அம்மா வீட்டுக்கோ, மகளிர் காவல் நிலையத்துக்கோ போகும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். “ஒளிச்சு மறைக்க நமக்கு என்ன இருக்கு?” என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். அவளுக்கு இருக்கிறதே!

நம் ஊரில் சிங்காரச் சென்னை கார்டு 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மாநகர பஸ்ஸுக்கும் வந்தது. இதுபோன்ற கார்டு வாங்கும்போது போன் நம்பர் கேட்டால், நம்மில் பலர் வழக்கம்போல வீட்டுக்காரர் நம்பரையோ மகன் நம்பரையோ சொல்லிவிடுவோம். குழுக் கணக்குக்கே அப்படிக் கொடுத்துவிட்டு எத்தனை பேர் அவஸ்தைப்பட்டோம்! கார்டு உங்களுடையது என்றால் நம்பரும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. பஸ், ரயில் பயணத்துக்கு மட்டுமான கார்டுகளை அடையாளச் சரிபார்ப்பு இல்லாமலே தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் அனுமதித்தது. அதில் ரூ.3,000 வரை இருப்பு வைக்கலாம். ஒரு கஷ்டம், தொலைந்தால் அது உங்களுடையது என்று காட்டுவது கடினம். அதனால் நூறு, இருநூறுக்கு மேல் போடாதீர்கள். கவுன்ட்டரில், “ஆதார் இல்லாம கார்டு இருக்கா?” என்று தயங்காமல் கேளுங்கள். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017லேயே உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லியாகிவிட்டது. கேட்பதில் தப்பில்லை.