கற்களிடம் சான்று கேட்ட யாத்திரிகர்கள்

யெருசலேம், பெத்லகேம், நாசரேத்து முதலிய திருத்தலங்களுக்குச் செல்லும் யாத்திரிகர்கள் தேசப்படத்தை விரித்து, 'இதோ, இந்த ஊருக்கே செல்கிறோம்' என்று விரல் வைத்துக் காட்ட இயலும். ஆண்டவர் நடமாடிய அவ்வூர்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். ஆனால், தங்கள் மறைநூலில் வரும் மாநகரங்கள் எங்கே இருந்தன என்று உறுதியாக அறியாத நிலையிலும், அவற்றைக் கண்ணாரக் காணும் ஆவலோடு குழுக் குழுவாகப் புறப்படும் மக்களும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் மோர்மோன் குடும்பங்களே அவர்கள். மெக்சிக்கோ, குவாத்தமாலா நாடுகளில் சிதைந்து கிடக்கும் பழங்கோயில்களுக்கு அவர்கள் மேற்கொள்ளும் பயணங்களைப் பற்றி இங்கே சிறிது அறிந்துகொள்வோம். விசுவாசம் எதன்மேல் ஊன்றி நிற்கிறது என்னும் கேள்வி அப்பயணங்களில் எழுகின்றது. அது நமக்கும் உரிய கேள்வி.

நூல் பிறந்த கதை

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பல்மைரா என்றொரு சிற்றூர் உண்டு. அதனருகே வாழ்ந்த ஜோசப் ஸ்மித் என்னும் இளைஞர், வானதூதர் ஒருவர் காட்டிய பொன் தகடுகளை 1827ஆம் ஆண்டில் ஒரு குன்றிலிருந்து பெற்றதாகக் கூறினார். அத்தகடுகளில் இருந்ததை இறையருளால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1830ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே 'மோர்மோன் புத்தகம்'. அதே ஆண்டில் அவர் ஒரு சபையையும் நிறுவினார். இன்று அது 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று அழைக்கப்படுகிறது. 1844ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் சிறையொன்றில் ஸ்மித் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் மேற்கு நோக்கி நடந்து, 1847இல் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினர்.

கி.மு. 600ஆம் ஆண்டளவில் லேகி என்பவர் தம் குடும்பத்தோடு யெருசலேமை விட்டு வெளியேறிக் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்தை அடைந்தார் என்று அந்நூல் கூறுகிறது. அவருடைய வழித்தோன்றல்கள் நேபியர், லாமானியர் என இரு மக்களாகப் பிரிந்து நகரங்கள் கட்டினர், போர்கள் புரிந்தனர், உயிர்த்த கிறிஸ்து அவர்களுக்குத் தோன்றிப் போதித்தார், இறுதியில் நேபியர் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்போரொன்றில் அழிந்தனர். நூலின் கதை கி.பி. 421ஆம் ஆண்டோடு முடிகின்றது. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலை இறைவெளிப்பாடாக ஏற்பதில்லை. அச்சபையார் வழங்கும் திருமுழுக்கும் செல்லத்தக்கதன்று என 2001ஆம் ஆண்டில் உரோமை அறிவித்தது. எனினும், குடும்பப் பற்றிலும் ஒழுக்கத்திலும் பிறர்க்கு உதவுவதிலும் அம்மக்கள் பெற்றுள்ள நற்பெயரை நாம் மறுக்க வேண்டியதில்லை.

இடிபாடுகளோடு வந்த இணைப்பு

ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்னும் எழுத்தாளரும், பிரெடெரிக் காதர்வுட் என்னும் ஓவியரும் மத்திய அமெரிக்கக் காடுகளில் அலைந்து, கோப்பான், பலெங்கே முதலிய பழம்பதிகளைக் கண்டு, 1841இல் படங்களோடு ஒரு பயண நூலை வெளியிட்டனர். அமெரிக்க மண்ணில் இத்துணை உயர்ந்த கட்டடக்கலையா என்று படித்தவர் யாவரும் வியந்தனர். அடுத்த ஆண்டிலேயே மோர்மோன் சபையின் பத்திரிகை அந்நூலின் பகுதிகளை எடுத்துக்காட்டி, 'நம் நூல் கூறிய நகரங்கள் இவையே அல்லவா?' என்னும் பொருளில் எழுதியது. அன்று விழுந்த வித்தே பின்னாளில் குழுப் பயணங்களாக வளர்ந்தது.

இப்பயணங்களை நடத்துவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அச்சபையைச் சேர்ந்த ஆசிரியரோ நூலாசிரியரோ வழிகாட்டியாக உடன் செல்வது வழக்கம். குவாத்தமாலாவில் உள்ள எழில்மிகு அதித்லான் ஏரியின் கரையில், நூலில் வரும் 'மோர்மோனின் நீர்நிலை' இதுவாக இருக்கலாம் என்று விளக்கம் தரப்படுகிறது. குவாத்தமாலா நகருக்குள் இருக்கும் காமினல்ஹுயு மேடுகள் நேபி நகரமாகக் காட்டப்படுகின்றன. மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் இசாப்பா என்னுமிடத்தில் மரமொன்றும் அதைச் சூழ்ந்த மனிதர்களும் செதுக்கப்பட்ட கற்பலகை ஒன்று நிற்கின்றது. லேகி கனவில் கண்ட வாழ்வின் மரமே இது என்று 1953ஆம் ஆண்டில் மோர்மோன் பேராசிரியர் ஒருவர் அறிவித்தார். அன்று முதல் அக்கல் யாத்திரிகர்களின் கண்களுக்கு விருந்தாயிற்று.

இவ்விடங்களில் பலவற்றை நூலோடு பொருத்திக் காட்டியவர் ஜான் சோரன்சன் என்னும் அறிஞர். 1985இல் அவர் வெளியிட்ட நூலின்படி, சீதோன் ஆறு என்பது சியாப்பாஸில் ஓடும் கிரிஹால்வா ஆறு. சராஹெம்லா மாநகரம் அதன் கரையிலிருந்த சாந்தா ரோசா. அந்தச் சாந்தா ரோசாவோ பெரிய அணையொன்றின் நீர்த்தேக்கத்தினுள் மூழ்கிவிட்டது.

இவர்கள் இங்கே வர, அதே நூலை நம்பும் வேறு சிலர் வடக்கே ஒகாயோ, இல்லினாய், அயோவா மாநிலங்களுக்குச் செல்கின்றனர். அங்குள்ள பண்டைய மண்மேடுகளே நேபியரின் எச்சங்கள் என்பது அவர்கள் கருத்து. லேகி கப்பல் ஏறிய துறையைத் தேடி அரேபியாவின் ஓமான் கடற்கரைக்குச் செல்வோரும் உண்டு. நூல் ஒன்று, தேசப்படமோ பல. அச்சபையின் தலைமையும், மோர்மோன் புத்தகத்தின் நிகழ்ச்சிகள் அமெரிக்கக் கண்டத்தில் எவ்விடத்தில் நடந்தன என்பது குறித்துத் தனக்குத் திட்டமான நிலைப்பாடு எதுவும் இல்லை என்று 2019ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே அறிவித்தது.

கற்கள் கூறுவது என்ன?

ஸ்டீபன்ஸ் காலத்தில் அக்கற்களின் எழுத்துக்களைப் படிக்க வல்லவர் எவருமில்லை. ஆகவே அவற்றின்மேல் எக்கதையை ஏற்றினாலும் மறுப்பதற்கு ஆளில்லை. இன்று நிலைமை வேறு. 1952ஆம் ஆண்டில் யூரி குனோரோசோவ் என்னும் சோவியத் அறிஞர் மாயா எழுத்துக்களைப் படிக்கும் வழியைக் கண்டார். பின்வந்த அறிஞர்கள் அதை விரிவாக்கினர். இன்று அக்கல்வெட்டுகள் தம் சொந்த வாயால் பேசுகின்றன.

பலெங்கேயின் பெரும் கோயிலுக்குள் அடக்கம் செய்யப்பட்டிருந்தவர் பாக்கால் என்னும் மாயா மன்னர். அவர் கி.பி. 615 முதல் 683 வரை அரசாண்டார். அதே ஊரில் 'சிலுவைக் கோயில்' என்று ஐரோப்பியர் பெயரிட்ட ஆலயம், அவருடைய மகன் 692இல் அர்ப்பணித்தது. அங்குள்ள சிலுவை போன்ற வடிவம் நம் ஆண்டவரின் சிலுவை அன்று. விண்ணையும் மண்ணையும் இணைப்பதாக மாயா மக்கள் நம்பிய உலக மரம் அது. சிச்சேன் இட்சாவின் புகழ்பெற்ற கூர்ங்கோபுரம் கி.பி. 9ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்தது. கடலோரத் துலூமோ அதற்கும் பிந்தியது. கி.பி. 421ஆம் ஆண்டை நினைவில் வைக்குமாறு கேட்டுக்கொண்டோம் அல்லவா? யாத்திரிகர்கள் வியந்து நோக்கும் இம்மாபெரும் கட்டடங்கள் எல்லாம், அவர்கள் நூலின் கதை முடிந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே கட்டப்பட்டன. இசாப்பாவின் கற்பலகை அவற்றைவிடப் பழமையானதுதான். ஆனால் அது லேகியின் கனவு என்னும் விளக்கத்தை மோர்மோன் பல்கலைக்கழகத்து அகழ்வாராய்ச்சியாளர் ஒருவரே பின்னர் மறுத்துவிட்டார்.

ஒரு வழக்கறிஞரின் தேடல்

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் மனிதர் ஒருவர் உண்டு. தாமஸ் ஸ்டுவர்ட் பெர்குசன் என்பது அவர் பெயர். கலிபோர்னியாவில் வழக்கறிஞராக இருந்த அவர், தம் சபையின் நூல் உண்மை என்பதை மண்வெட்டியால் மெய்ப்பித்துவிடலாம் என்று உறுதியாக நம்பினார். அந்நோக்கத்தோடு 1952இல் 'புதிய உலகத் தொல்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தை' அமைத்தார். சபையும் பொருளுதவி செய்தது. திறமை மிக்க அகழ்வாளர்கள் சியாப்பாஸில் நேர்மையோடு உழைத்தனர். சியாப்பா தெ கோர்சோ என்னுமிடத்தில் அவர்கள் கண்டெடுத்த கல்வெட்டுத் துண்டு கி.மு. 36ஆம் ஆண்டைக் குறிப்பது. பண்டைய அமெரிக்காவின் நெடுங்கணக்கு நாட்காட்டியில் நாம் அறிந்த மிகப் பழைய தேதி அதுவே. மோர்மோன் அல்லாத அறிஞர்களும் அவர்கள் பணியைப் போற்றினர்.

ஆயினும் பெர்குசன் எதிர்பார்த்தது மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை. நூலில் வரும் குதிரை, தேர், கோதுமை, எஃகு ஆகியவற்றை அக்காலத்து மண் அடுக்குகளில் தேடியும் அவர் காணவில்லை. குதிரை அக்கண்டத்தில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய், ஸ்பானியரோடுதான் மீண்டும் வந்தது. 1975ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையொன்றில் இக்குறைகளைப் பட்டியலிட்டு, நூல் கூறும் நாட்டை நிலத்தில் காண இயலாது என்னும் முடிவுக்கு வந்தார். 1983இல் இறக்கும்வரை அவர் தம் சபையை விட்டு விலகவில்லை. ஆயினும் அவருடைய உள்ளத்தில் பழைய உறுதி இல்லை என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன.

உண்மையைத் தேடிய அவருடைய நேர்மைக்கு நாம் தலைவணங்குவோம். 'இது கிடைத்தால் நம்புவேன்' என்று விசுவாசத்தைக் குழிக்குள் வைத்துப் பந்தயம் கட்டியவர், குழி வெறுமையானபோது எதைப் பற்றிக்கொள்வார்? பெற்றோராகிய நாம் நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கையில் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

நம் வரலாற்றிலும் உண்டு

மயிலையில் அடக்கம் செய்யப்பட்டவர் என நாம் போற்றும் புனித தோமையாரை அதே மெக்சிக்கோ நாட்டு மண்ணில் தேடியவர்கள் நம் துறவியர் என்பதைத் தமிழ்க் கத்தோலிக்கருள் பலர் அறியமாட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் தியேகோ துரான் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி, அந்நாட்டார் வணங்கிய கெட்சால்கோவாட்டில் என்னும் தலைவரின் கதைகளைக் கேட்டு, அவர் அப்போஸ்தலராகிய தோமையாராக இருக்கலாமோ என்று கருதினார். 1794ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், குவாதலூப்பே அன்னையின் திருவிழாவில், செர்வாந்தோ தெரேசா தெ மியேர் என்னும் மற்றொரு தொமினிக்கன் துறவி, அன்னையின் திருவுருவம் தோமையாரின் மேலாடையிலேயே பதிந்தது என்று பிரசங்கித்தார். பேராயர் அவரைத் தண்டித்து ஸ்பெயினுக்கு நாடு கடத்தச் செய்தார். பிற்கால மோர்மோனியரோ அதே கெட்சால்கோவாட்டிலை உயிர்த்த கிறிஸ்துவாகக் கண்டனர். ஆளுக்கொரு முகத்தை அந்தப் பழங்கதையில் கண்டார்களேயன்றி, அக்கதைக்கு உரியவர்களிடம் அதன் பொருளைக் கேட்டவர் சிலரே.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று. 1562இல் யுக்கத்தான் பகுதியின் மானி என்னும் ஊரில், தியேகோ தெ லாண்டா என்னும் பிரான்சிஸ்கன் துறவி மாயா மக்களின் ஏடுகளைத் தீயிலிட்டார். பின்னாளில் அவரே எழுதி வைத்த குறிப்புகள்தாம் குனோரோசோவுக்கு எழுத்தைப் படிக்கும் திறவுகோலாக உதவின! 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிச்சிகாஸ்தெனாங்கோ பங்கின் குருவாக இருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ், 'போப்போல் வூ' என்னும் மாயா மக்களின் பழமரபு நூலைத் தம் கையாலேயே படியெடுத்தார். அவர் படியெடுத்த பிரதியே இன்று எஞ்சியிருப்பது. ஒருவர் எரித்தார், மற்றொருவர் காத்தார். இருவரும் நம்மவரே.

கற்களுக்கு உரியவர்கள்

மாயா மக்கள் மறைந்துபோன இனம் அன்று. பலெங்கேயைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் பல இலட்சம் பேர் இன்றும் தம் மொழிகளைப் பேசி, சோளம் விளைவித்து வாழ்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் சியாப்பாஸ் மாநிலத்தின் சான் கிறிஸ்தோபல் நகரில் அவர்களோடு திருப்பலி நிறைவேற்றினார். அவர்களுடைய மொழிகள் அவ்வழிபாட்டில் ஒலித்தன. அவர்கள் ஒதுக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்கும் தேவையையும் அவர் எடுத்துரைத்தார்.

யெருசலேமிலிருந்து வந்தவர்களே அமெரிக்கப் பழங்குடியினரின் முதன்மை மூதாதையர் என்று மோர்மோன் புத்தகத்தின் முன்னுரை பல ஆண்டுகள் கூறிவந்தது. அம்மூதாதையர் வடகிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 2006ஆம் ஆண்டில் அம்முன்னுரை 'மூதாதையருள் ஒரு பகுதியினர்' என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. ஒரு மக்களின் முன்னோர் யார் என்பதை வேறொருவர் நூல் முடிவுசெய்வது சிறிய காரியமன்று. தம் பாட்டன் கட்டிய வீட்டின் வாசலில் நின்று, 'இது வேறொருவர் கட்டியது' என்று வழிகாட்டி விளக்குவதைக் கேட்கும் பேரனின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, பழம்பதிகளுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்கோ நம் பிள்ளைகளுக்கோ கிட்டுமாயின், கல்லைப் பேச விடுவோம். கட்டியவர் யார், எந்த ஆண்டு, எதற்காக என்று முதலில் கேட்போம். நம் விசுவாசத்துக்கு அது சான்று தந்தாலும் தராவிட்டாலும், அதன் உண்மை அதற்கே உரியது. உண்மைக்கு அஞ்சும் விசுவாசம் ஆண்டவர் தந்த விசுவாசமாகாது.

திருநாட்டிலும் ஓர் ஊர் உண்டு. உயிர்த்த ஆண்டவர் இரு சீடரோடு நடந்து சென்ற எம்மாவூஸ் எது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் அப்பெயருக்கு உரிமை கொண்டாடுகின்றன. ஊர் தெரியாததால் நம் விசுவாசம் குன்றிவிட்டதா? அப்பம் பிட்கையில் அச்சீடர்கள் அவரைக் கண்டுகொண்டனர். அதே அப்பம் ஒவ்வொரு ஞாயிறும் நம் பங்கின் பீடத்தில் பிட்கப்படுகின்றது. அதைக் காண நெடும்பயணம் எதுவும் தேவையில்லை.