ரீப்பர் விதைத்தால் பஜ்ஜி மிளகாய் காய்க்கிறது!

மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் தக்காளி, கத்தரி பற்றிய பேச்சு பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. "ரீப்பர் போட்டிருக்கீங்களா?" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். பூத் ஜோலோக்கியா, டிரினிடாட் ஸ்கார்ப்பியன், கரோலினா ரீப்பர் என்று ஒரு பட்டியலே ஓடுகிறது. குழம்புக்கு ஒன்று கிள்ளிப் போட்டால் வீடே இருமும் ரகங்கள் இவை. சமைக்க வளர்ப்பவர் குறைவு. காய்த்ததைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதில்தான் சுகம்.

உலகிலேயே அதிகக் காரம் எதற்கு என்ற பந்தயத்தில் நம் நாட்டு மிளகாயும் ஜெயித்திருக்கிறது. அசாம், நாகாலாந்து, மணிப்பூர் பக்கத்துப் பூத் ஜோலோக்கியா, 2007இல் காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸில் ஏறியது. குண்டூர் மிளகாய் முப்பது, நாற்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால் தூரம் புரியும். 2013இல் அமெரிக்காவின் கரோலினா ரீப்பர் பதினைந்தரை லட்சத்தைத் தாண்டியது. 2023இல் ரீப்பரை உருவாக்கியவரின் பெப்பர் எக்ஸ் வந்து 26,93,000 என்று அதையும் ஓரங்கட்டியது.

இந்த ரகங்களை முளைக்கவைப்பது அப்படியொன்றும் வித்தையல்ல. ஆனால், பொறுமை வேண்டும். சம்பா மிளகாய் ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும். இவை இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும், சில சமயம் அதற்கு மேலும். பத்தாம் நாள் விரலை விட்டுத் தோண்டிப் பார்ப்பதாலேயே பாதி விதை வீணாகிறது. விதையை ஒரு இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். சலித்த மண்புழு உரமும் கழுவிய கோகோபீட்டும் கலந்த குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். அதற்குமேல் புதைத்தால் மேலே வர அதற்குத் தெம்பு இருக்காது.

வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சூடேற்றும் விரிப்பு வாங்குகிறவர்களைக் கண்டால் சிரிப்புதான் வருகிறது. மண் 25 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பதற்காக, பனி கொட்டும் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு அது. நம்மூர் ஆடி மாதத்துக்கு அது எதற்கு? இங்கே பயப்பட வேண்டியது எதிர்த்திசையில். பாலித்தீன் மூடிய தட்டை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் விதை வெந்துவிடும். நிழலில் வைக்க வேண்டும், முளை தெரிந்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும். ஈரம் தங்கினால் நாற்றழுகல் வந்து, நேற்று நின்ற நாற்று இன்று தண்டு சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். அதனால் தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுவதே நல்லது.

ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குள் செடி தேறிவிடும். பையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால், இரவு குளிரும் மார்கழியில் பூ உதிராமல் நின்று தை, மாசியில் காய் சிவக்கும். தையில் விதைத்துச் சித்திரையில் பூக்கவிட்டால் பூவெல்லாம் கொட்டும். இலைச்சுருட்டு, இலைப்பேன், சிலந்திப்பேன் எல்லாம் மிளகாய் வைத்த எவருக்கும் தெரிந்த கதை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அந்த விதை, சொன்ன விதைதானா?

தாம்பரத்தில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆன்லைனில் பத்து விதை கொண்ட ரீப்பர் பாக்கெட் வாங்கினார். செடி செழித்தது. காய்த்தது நீளமாக, வழவழப்பாக, வெளிர்பச்சையாக. "பேரன் ஒண்ணைக் கடிச்சுட்டு, இன்னொண்ணு குடுங்க பாட்டின்னு கேட்டான். அப்பத்தான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு" என்றார். அன்று சாயங்காலம் பஜ்ஜி போட்டார்களாம்.

சிரிக்கலாம். ஆனால், ஏமாந்தது தெரியவே ஐந்தாறு மாதம் ஆகிறது என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். மிளகாய் விதைகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், வைக்கோல் நிறத்தில் தட்டையாக. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ரீப்பரையும் சம்பாவையும் நம்மால் பிரிக்க முடியாது. காய் வரும்போது பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு முடிந்திருக்கும். விற்றவர் வேறு பெயரில் வேறு எதையாவது விற்றுக்கொண்டிருப்பார்.

சில பொய்களை மட்டும் வாங்கும்போதே பிடித்துவிடலாம். நீல நிற மிளகாய் என்று படம் போட்ட பாக்கெட்டுகள் கணினியில் சாயம் பூசியவை. பெப்பர் எக்ஸ் விதையை அதை உருவாக்கியவர் பொதுமக்களுக்கு விற்பனைக்கே விடவில்லை. அந்தப் பெயரில் இங்கே யாராவது விற்றால் மறுபேச்சுக்கு இடமில்லை. விதை கறுப்பாக இருந்தால் அது தென் அமெரிக்க மலைகளின் ரோகோட்டோ இனமாக இருக்கலாம். ரீப்பராக இருக்க வழியில்லை.

செடியும் துப்புக் கொடுக்கும். ஐந்தாறு நாளில் அத்தனையும் ஒன்றாக முளைத்தால் சந்தேகப்படுங்கள். அதிகக் காரமான ரகங்கள் பெரும்பாலும் கேப்சிகம் சைனென்ஸ் என்ற இனம். இலை அகலமாக, சற்றுச் சுருக்கங்களோடு இருக்கும். கணுவுக்கு இரண்டு, மூன்று பூக்கள் பூக்கும். நம் வழக்கமான மிளகாயில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு வெள்ளைப் பூதான். பூ வந்ததுமே இனம் தெரிந்துவிடும், ரகம் தெரியாது.

இந்தியாவில் விதைகளுக்கு 1966 முதல் சட்டம் இருக்கிறது. மிளகாய் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 சதவீதம். பாக்கெட்டில் முளைப்புத்திறன், சோதித்த தேதி, காலாவதி தேதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். ஜிப் கவரில் பத்து விதையும் கையால் எழுதிய பெயருமாக வருவதில் இவை எங்கே? ஒருவேளை எல்லாமே முளைத்தாலும், முளைத்தது எது என்பதற்கு யார் பொறுப்பு?

"விதை சரிதான், வளர்ப்பில்தான் கோளாறு" என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. வெயிலும் தண்ணீரும் மாறினால் காரம் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். அதற்காகக் காயின் உருவமே மாறிவிடுமா என்ன?

ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்களிடமும் சிக்கல் உண்டு. மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது. ஆனாலும் தேனீ புகுந்துவிட்டால் பக்கத்துத் தொட்டியின் குடமிளகாயோடு கலந்துவிடும். இந்த வருடக் காய் தாய்ச்செடியைப் போலவே அச்சு அசலாக இருக்கும். கலப்பு ஒளிந்திருப்பது உள்ளே இருக்கும் விதையில். அது வெளியே தெரிவது அடுத்த தலைமுறையில், நண்பரின் மாடியில். ஒரே மாடியில் ஏழெட்டு ரகம் வளர்த்து, எல்லாவற்றின் விதையையும் ஆசையாகப் பகிர்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயம்.

கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் காந்தாரி மிளகாய்க்கு யாரும் பாக்கெட் வாங்குவதில்லை. பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை. தின்றுவிட்டு வேலியோரம் எச்சமிட, அங்கே முளைக்கிறது. ரீப்பருக்கு அந்த வசதி இல்லை, நாம்தான் காபந்து செய்ய வேண்டும்.

மொட்டு விரியும் முன் ஒரு கிளையை மெல்லிய வலைப்பையால் மூடிக் கட்டுங்கள். பூத்ததும் தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். விதைக்கு அந்தக் காய்கள் மட்டும்தான். நன்றாகப் பழுத்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு அறுக்க வேண்டும். விதையில் காரம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது இருப்பது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். கையில் பட்டுவிட்டால் தண்ணீர் மட்டும் உதவாது, எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிறகு சோப்புப் போட வேண்டும்.

நிழலில் உலர்த்திய விதை, வளைத்தால் ஒடிய வேண்டும். அதற்குப் பிறகுதான் காகிதக் கவர். கவரில் ரகத்தின் பெயர், மாதம், வருடம். கூடவே 'பை கட்டியது' அல்லது 'கட்டாதது' என்றும் எழுதிவிடுங்கள். கட்டாததையும் தாராளமாகக் கொடுக்கலாம், வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும்.