தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து நின்றால் போதுமா... பாடியே ஆகணுமா?

சேப்பாக்கத்தில் இந்தியா ஆடும் மேட்ச். வீரர்கள் வரிசையில் வந்து நின்றதும், அதுவரை விசில் பறந்த ஸ்டேடியம் அப்படியே எழுந்து நிற்கும். சுமார் 52 விநாடிகள். அந்த நேரத்தில் நாம் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

எழுந்து நிற்கணுமா?

ஆமாம். தேசிய கீதம் பாடப்பட்டாலும் இசைக்கப்பட்டாலும் அசையாமல் நேராக நிற்க வேண்டும் என்கின்றன உள்துறை அமைச்சகத்தின் விதிமுறைகள். செய்திப்படம், ஆவணப்படத்துக்கு நடுவே கீதம் வந்தால் மட்டும் எழ வேண்டியதில்லை.

பாடலைன்னா தப்பா?

இல்லை. 1985-ல் கேரளாவில் பள்ளி மாணவர்கள் 3 பேர், மத நம்பிக்கை காரணமாகக் கீதத்தைப் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி 1986-ல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம்.

ஜெயில் தண்டனை உண்டா?

உண்டு. ஆனால், வேண்டுமென்றே கீதம் பாடுவதைத் தடுப்பவருக்கும், பாடும் கூட்டத்தில் இடையூறு செய்பவருக்கும்தான். 1971-ம் ஆண்டு சட்டப்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

தியேட்டரில்?

படத்துக்கு முன்பு கீதம் கட்டாயம் என 2016 நவம்பர் 30-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, 2018 ஜனவரி 9-ல் ‘கட்டாயமில்லை’ என்று மாற்றியது. ஒலிபரப்புவது தியேட்டரின் விருப்பம். ஒலித்தால் மரியாதை தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு.

இந்த விலக்கு ஏன் முக்கியம் தெரியுமா? 2016-ல் கோவா தியேட்டர் ஒன்றில், கீதம் ஒலித்தபோது எழவில்லை என்று ஒருவரை அடித்துவிட்டார்கள். அவர் சக்கர நாற்காலியில் நடமாடுபவர். நினைத்தாலும் எழுந்து நிற்க முடியாதவர்!

நம்ம ஊரில்?

அரசு விழாக்கள் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி தேசிய கீதத்தில் முடியும். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணையும் எழுந்து நிற்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கும் தருகிறது.

அடுத்த முறை கீதம் ஒலிக்கும்போது மொபைலைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு நேராக நில்லுங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் எழவில்லையா? கால் வலியோ, கண்ணுக்குத் தெரியாத வேறு சிரமமோ இருக்கலாம். அவரை அதட்டும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் நமக்குத் தரவில்லை பாஸ்!